திரைக்கு அப்பாலிருந்து ஒரு பாடம்: இணையவழிக் கல்வியும் நமது கற்றல் மரபும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகத் தமிழகத்தின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, ஊர்தோறும் பள்ளிவாசல்களை ஒட்டி நடந்துவந்த மக்தப் மதரஸாக்களும் அரபுக் கல்லூரிகளும் உடன் மூடப்பட்டன. அதுவரை இணையவழிக் கல்வி என்பது பொறியியல் பயில்வோருக்கும் கணினித் துறையினருக்கும் உரியது என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். சில வாரங்களுக்குள் அலிஃப், பா, தா ஓதும் ஐந்து வயதுக் குழந்தையும், ஸஹீஹுல் புகாரி ஓதும் இறுதியாண்டு மாணவரும் ஒரே விதமாகக் கைப்பேசியின் முன் அமர்ந்தனர். நோய் தணிந்து பள்ளிகள் திறந்த பின்னரும் இப்பழக்கம் விலகவில்லை. இன்று கடையம், பொட்டல்புதூர், ரவணசமுத்திரம் போன்ற ஊர்களிலும் பிள்ளைகளில் ஒரு சாரார் மாலையில் மதரஸாவுக்குச் செல்வதற்குப் பதிலாக, வேற்றூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஆசிரியரிடம் திரை வழியே ஓதுகின்றனர்.

இதைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. இது அல்லாஹ்வின் பெரும் நிஃமத், இனி ஊருக்கொரு மதரஸா தேவையில்லை என்பார் ஒரு சாரார். உஸ்தாதின் முன் மண்டியிட்டு அமராத கல்வியில் பரக்கத் இல்லை, இது கல்வியே ஆகாது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் இணையவழிக் கல்வி என்பதை ஒற்றைப் பொருளாகக் கொண்டே பேசுகின்றனர். உண்மையில் அப்பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல செயல்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியும் அளவுகோலைத் தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நமது ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை வகுத்து வைத்துள்ளனர்.

முதலில் இக்கல்வி வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். தொலைவிலிருந்து கற்பது இணையத்தோடு பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு, குறைந்த கட்டண அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்த வேளையில், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர் பயிற்சியை எழுதி அனுப்புவார். பிட்மன் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். அம்முறையின் உயிர்நாடி அந்தத் திருத்தமே. நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அதனை மேற்கொண்டன. மதரஸாவில் ஓதி முடித்துப் பள்ளிவாசலில் இமாமத் செய்துகொண்டே பட்டம் பெற்ற ஆலிம்கள் பலருக்கு அந்த அஞ்சல் உறைகளே பல்கலைக்கழகமாக விளங்கின. ஆகவே தொலைநிலைக் கல்வியை நம்மவர் இழித்துப் பேசுவதற்கு நியாயமில்லை.

தமிழைப் பொறுத்தவரை, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் ஒரு முன்னோடி முயற்சியாகும். பின்னாளில் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய என்.பி.டெல். 2003இலும், நடுவண் அரசின் ஸ்வயம் 2017இலும் வந்தன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் ஒரு முழுப் பட்டப்படிப்பையே இணைய வழியில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் சல்மான் கான் (திரைப்பட நடிகரல்லர், வங்காள வம்சாவளியைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர்) 2004இல் தம் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசி வழியே கணக்குச் சொல்லித் தரத் தொடங்கியதே பின்னர் உலகறிந்த கான் அகாடமியாக வளர்ந்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடமொன்றை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, உலகெங்கிலுமிருந்து சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தனர்.

அந்த எண்ணிக்கை பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் நம் வரலாற்றில் அதற்கு இணை உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் ஆஸிம் இப்னு அலீ (ரஹ்) அவர்கள் ஹதீஸ் எழுதுவித்த மஜ்லிஸுக்கு வந்தோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடப்பட்டதாக கதீபுல் பக்தாதி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். எனவே ஷைகின் சொற்களை உரத்த குரலில் திரும்பச் சொல்வதற்கு ‘முஸ்தம்லீ’ என்போர் இருந்தனர். அந்த மஜ்லிஸின் முஸ்தம்லீ வளைந்த பேரீச்ச மரமொன்றின் மேல் ஏறி அமர்ந்து கூவுவாராம். அதுவே அக்காலத்தின் ஒலிபரப்பு.

இங்கு கவனிக்கத் தக்கது கூட்டத்தின் பெருக்கமன்று. அக்கூட்டத்தைப் பற்றி அறிஞர்கள் எழுப்பிய வினாவாகும். ஷைகின் குரலைக் கேளாமல் முஸ்தம்லீயின் குரலை மட்டும் கேட்டவர், ‘ஷைகிடம் கேட்டேன்’ என்று அறிவிக்கலாமா? சிலர் இதில் தாராளம் காட்டினர். வேறு சிலர் மறுத்தனர். கலஃப் இப்னு தமீம் (ரஹ்) அவர்கள் ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்) அவர்களிடம் சுமார் பத்தாயிரம் ஹதீஸ்களைச் செவியுற்றவர். கூட்டத்தில் விளங்காத இடங்களை அருகிலிருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கம். இது பற்றி ஸாயிதா (ரஹ்) அவர்களிடம் வினவியபோது, உமது செவி கேட்டு உள்ளம் மனனமிட்டதை மட்டுமே அறிவியும் என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவ்வளவுதான், கலஃப் தம் ஏடுகளை எறிந்துவிட்டார். யாரோ அனுப்பிய செய்தியை, அவருக்கு யார் அனுப்பினார் என்றும் அறியாமல், ‘ஹதீஸில் வந்துள்ளது’ என்ற தலைப்பிட்டு நாற்பது பேருக்கு அனுப்பிவைக்கும் நம் காலத்தவர் அந்த ஏடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எட்டு வழிகள்

ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கலைக்கு எழுதிய முகத்திமாவில், ஒருவர் கல்வியைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்துத் தந்துள்ளார்கள். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது ‘ஸமாஉ’. மாணவர் ஓத ஆசிரியர் செவிமடுத்துச் சரிபார்ப்பது ‘அர்ள்’. அறிவிப்பதற்கு அனுமதி வழங்குவது ‘இஜாஸா’. நூலைக் கையில் ஒப்படைப்பது ‘முனாவலா’. எழுதி அனுப்புவது ‘முகாதபா’. இது நான் கேட்ட நூல் என்று அனுமதி தராமல் அறிவிக்க மட்டும் செய்வது ‘இஃலாம்’. பயணத்தின்போதோ மரணத்தின்போதோ நூலை ஒருவருக்கு விட்டுச் செல்வது ‘வஸிய்யா’. ஆசிரியரைச் சந்திக்காமலும் அனுமதி பெறாமலும், அவரது எழுத்தைக் கண்டெடுத்துப் படிப்பது ‘விஜாதா’.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இணையவழிக் கல்வியைப் பார்த்தால் குழப்பம் பெரிதும் தெளிகிறது. பதிவு செய்யப்பட்ட சொற்பொழிவைக் கேட்பது ஸமாஉவின் தோற்றம் கொண்ட விஜாதாவே ஆகும். ஏனெனில் கேட்பவர் ஒருவர் இருப்பதையே பேசியவர் அறியார். மின்நூல்களைப் பதிவிறக்கிப் படிப்பது ஐயமற விஜாதா. பாடத்திட்டத்தையும் குறிப்பேடுகளையும் அனுப்பித் தேர்வெழுதச் சொல்வது முகாதபா. நேரலையில் ஆசிரியர் பேச, நூறு பேர் தத்தம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்பது ஸமாஉ. ஆசிரியரும் ஒரு மாணவரும் எதிரெதிரே அமர்ந்து, மாணவர் ஓத ஆசிரியர் திருத்துவது அர்ள். நம் மதரஸா வழக்கில் இதனைப் ‘பாடம் கொடுத்தல்’ என்கிறோம். ஹள்ரத்திடம் பாடம் வாங்குவது எளிது; மறுநாள் அதைக் கொடுப்பதுதான் கடினம் என்பது ஓதியவர் அனைவருக்கும் தெரியும்.

விஜாதாவை நம் முன்னோர் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்பத்தக்க நூலில் கண்டதைக் கொண்டு அமல் செய்யலாம். பிற்காலத்தில் வேறு வழியும் இல்லை என்பதே இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. அவர்கள் தடுத்தது வேறொன்றை. கண்டெடுத்துப் படித்தவர், ‘எனக்கு இன்னார் அறிவித்தார்’ என்று சொல்லக் கூடாது. ‘இன்னாரின் எழுத்தில் கண்டேன்’ என்றே சொல்ல வேண்டும். தாம் எவ்வழியில் பெற்றோம் என்பதை மறைக்காத நேர்மை அது. முப்பது காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பள்ளிவாசலில் இமாமின் தொழுகையைத் திருத்த முற்படும் இளைஞரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இந்த நேர்மையையே. அவர் பார்த்த செய்தி சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் பெற்றது விஜாதா. பேசுவதோ ஸமாஉவின் தோரணையில்.

உலக அளவில் நடந்த பரிசோதனையும் இதே பாகுபாட்டையே காட்டுகிறது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய நிறுவனங்களின் இலவச இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, பதிவு செய்தோரில் பாடத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர் மட்டுமே என்று கண்டறிந்தது. பேராசிரியர்கள் தலைசிறந்தவர்கள், படப்பிடிப்பும் குறையற்றது. மாணவர் பாடம் கொடுக்க ஒருவர் இல்லை என்பதே பெருங்குறை. தமிழக அரசும் கொரோனா காலத்தில் இதனைக் கண்டுகொண்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியின் வழியே 2020இல் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கைப்பேசி இல்லாத ஏழை வீட்டுக்கும் அவை சென்றன என்பது பெரிய நன்மை. எனினும் 2021 நவம்பர் வரை, ஏறத்தாழ 19 மாதங்கள், தொடக்கப் பள்ளிகள் மூடியிருந்ததால் விளைந்த இழப்பை ஈடு செய்ய, அதே ஆண்டு அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற பெயரில் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியதாயிற்று. ஒளிபரப்பு கொடுத்த பாடத்தைத் திரும்ப வாங்குவதற்கு மனிதர் தேவைப்பட்டனர்.

திரைக்குப் பின்னால் ஒலிக்கும் குரல்

முகம் காணாத ஆசிரியரிடம் கற்பது செல்லுமா என்ற வினாவும் புதிதன்று. திரைக்குப் பின்னாலிருந்து ஒலிக்கும் குரலைக் கேட்பது செல்லுபடியாகும் ஸமாஉ என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. குரல் இன்னாருடையது என்று அறிந்திருக்க வேண்டும், அல்லது நம்பத்தக்கவர் அதை உறுதிப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. உம்முல் முஃமினீன் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்களும் தாபியீன்களும் திரைக்கு அப்பாலிருந்தே மார்க்கத்தைக் கற்றுக்கொண்டனர். இரவின் இருளில் பாங்கு சொல்பவர் பிலால் (ரலி) அவர்களா, இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களா என்று குரலைக் கொண்டே அறிந்து ஸஹரை முடிவு செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. தமிழில் அன்றைய துணித்திரைக்கும் இன்றைய கணினித் திரைக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

மாற்றுக் கருத்துக் கொண்டவர் ஷுஅபா (ரஹ்) அவர்கள். முகத்தைக் காணாதவரிடமிருந்து அறிவிக்க வேண்டாம், ஷைத்தான் அவர் உருவில் வந்து பேசியிருக்கக் கூடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. பிற்காலத்தவர் இதை மிகையான பேணுதல் என்று கருதினர். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஓர் ஆலிமின் குரலையும் முகத்தையும் போலியாகப் படைத்து, அவர் சொல்லாததைச் சொன்னதாகப் பரப்ப முடிகிற இந்நாளில் அக்கூற்றை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலவில்லை. இன்று முகத்தைக் காண்பதும் போதாது. பெரும்பான்மையினர் விதித்த நிபந்தனையே, அதாவது நம்பத்தக்கவர் உறுதிப்படுத்துவதே, நமக்குப் பாதுகாப்பு.

கேட்பவரின் கவனம் குறித்தும் நம் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பாடம் நடக்கும்போது வேறொன்றை எழுதிக்கொண்டிருப்பவரின் ஸமாஉ செல்லாது என்று இப்ராஹீமுல் ஹர்பீ (ரஹ்) போன்றோர் கூறினர். இமாம் தாரகுத்னீ (ரஹ்) அவர்கள் இளமையில் இஸ்மாயீல் அஸ்ஸஃப்பார் (ரஹ்) அவர்களின் மஜ்லிஸில் அமர்ந்து வேறோர் ஏட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீர் கேட்டது செல்லாது என்று அருகிலிருந்தவர் குறை கூறினார். ஷைக் இதுவரை எத்தனை ஹதீஸ் சொன்னார் தெரியுமா என்று தாரகுத்னீ கேட்க, அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றையும் அதன் ஸனதுடனும் வரிசை மாறாமலும் ஒப்புவித்தார்களாம். ஒளிப்படக் கருவியை அணைத்துவிட்டு, காதில் பாடத்தையும் கையில் விளையாட்டையும் வைத்திருக்கும் மாணவரும் இரண்டையும் செய்ய முடியும் என்றே வாதிடுகிறார். அவரிடம் பதினெட்டு வேண்டாம், எட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒலி எங்கே தேய்கிறது?

குர்ஆன் ஓதக் கற்பதில் இவ்வினா மேலும் நுட்பமாகிறது. குர்ஆன் ஏட்டிலிருந்து எடுக்கப்படுவதன்று. வாயிலிருந்து வாய்க்கு வருவது. இதனையே ‘முஷாஃபஹா’ என்கிறோம். தமிழ் நாவுக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. இதயத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழெழுத்தில் ‘கல்ப்’ என்றே எழுத வேண்டியுள்ளது. காஃபும் காஃபும் வேறு வேறு என்று எழுதிக் காட்டவே இயலாத மொழியில் நின்றுகொண்டு நாம் தஜ்வீத் கற்பிக்கிறோம். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுத்தை வளர்த்து, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் மார்க்க நூல்களை இயற்றியதற்கு இத்தகைய இடர்ப்பாடும் ஒரு காரணம்.

இனி, தொழில்நுட்பம் இவ்வொலிகளை எப்படிக் கடத்துகிறது என்று பார்க்க வேண்டும். பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்துமாறு அமைக்கப்பட்டது. பேச்சு விளங்க அது போதும். ஆனால் ஸீனின் சீறும் ஒலியில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது. எனவே ஸீனையும், நாவின் நுனியைப் பற்களிடையே வைத்து உச்சரிக்கும் ஸாவையும் பழைய தொலைபேசியில் பிரித்தறிவது கடினம். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாடு அப்படியன்று. ஸாதின் கனம் அடுத்து வரும் உயிரொலியிலும் படிவதால் அது ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. இன்றைய செயலிகள் இன்னும் அகன்ற ஒலிப்பரப்பைக் கடத்துகின்றன என்றாலும், இணைப்பு நலியும்போது தரத்தைக் குறைத்துவிடுகின்றன. மலையடிவாரத்து ஊர்களில் சாரல் காலத்து மாலைப் பொழுதுகளில் இணைப்பு எப்படியிருக்கும் என்பதை இப்பகுதியினர்க்கு விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு செய்தி பலருக்குத் தெரியாது. இச்செயலிகளில் பின்னணி இரைச்சலை நீக்கும் ஏற்பாடு உண்டு. நீண்டு ஒரே சீராக ஒலிப்பதை அது இரைச்சல் என எண்ணி மெலித்துவிடக் கூடும். குன்னாவும் ஆறு ஹரகத் நீளும் மத்தும் அத்தகைய ஒலிகளே. மாணவர் சரியாக நீட்டியிருந்தும் ஆசிரியரின் செவியில் அது குறைந்து விழலாம். ஸூம் செயலியில் மூல ஒலியை மாற்றமின்றி அனுப்பும் தெரிவு இருக்கிறது; ஓதிக் கொடுப்போர் அதனைத் தேர்ந்துகொள்வது நன்று. ஒலி சென்று சேர்வதில் ஏற்படும் சிறு தாமதத்தால், உஸ்தாத் சொல்ல நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும் நம் பழைய ஓதல் முறை இணையத்தில் இயலாததாகிறது. கூச்சமுள்ள பிள்ளை அந்தக் கூட்டுக் குரலுக்குள் ஒளிந்துகொண்டுதான் துணிவு பெற்றது. திரையில் முதல் நாளே தனித்து ஓத வேண்டியுள்ளது.

பதிவு செய்யப்பட்ட கிராஅத்தின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எகிப்தில் லபீபுஸ் ஸயீத் முன்வைத்த திட்டத்தின்படி, ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் குர்ஆன் முழுவதும் தர்தீலாகப் பதிவு செய்யப்பட்டு 1961இல் வெளியானது முதல், அக்குரல் நம் வீடுகளிலும் ஒலித்து எத்தனையோ பேரின் செவியைச் செம்மை செய்துள்ளது. ஆனால் ஹுஸரீயின் குரல் நம்மைத் திருத்தாது. பிழையாக ஓதுபவர், தாம் அவரைப் போலவே ஓதுவதாக எண்ணிக்கொண்டிருப்பார். ஹிஃப்ளு ஓதுவோர் விட்டுவிடும் சொல்லைச் சுட்டிக்காட்டும் செயலிகள் இப்போது வந்துள்ளன. தவ்ர் பார்ப்பதற்கு அவை உதவும். மக்ரஜைத் திருத்தும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைப்பதற்கில்லை.

கிடைத்தவையும் கைவிட்டுப் போனவையும்

இணையத்தால் அதிகம் பயன் பெற்றவர்கள் பெண்கள் என்பது என் கணிப்பு. நம் ஊர்களில் பெண்கள் அரபுக் கல்லூரியில் ஓரிரு ஆண்டுகள் ஓதி, திருமணத்தோடு கல்வியை நிறுத்தியோர் அநேகர். குழந்தையை உறங்கவைத்த பின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் விட்ட கிதாபைத் தொடர இப்போது வழியுண்டு. இது மரபுக்குப் புறம்பானதன்று. ஹிஜ்ரி 463இல் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) அம்மையாரிடம் மக்காவில் ஸஹீஹுல் புகாரியை ஐந்தே நாட்களில் ஓதி முடித்தவர் கதீபுல் பக்தாதி. ஆசிரியர் பெண், மாணவர் தம் காலத்தின் தலைசிறந்த ஹதீஸ் அறிஞர். அங்கு நடந்தது அர்ள். திரை அதற்குத் தடையாகக் கருதப்படவில்லை.

அடுத்து, வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் குடும்பத்தோடு வாழ்வோரின் பிள்ளைகள். தமிழில் விளக்கிச் சொல்லி ஓதிக் கொடுக்க அங்கு ஆள் கிடைப்பது அரிது. நூலகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்மக்தபதுஷ் ஷாமிலா போன்ற மின்னூலகங்கள் ஆயிரக்கணக்கான கிதாபுகளை இலவசமாகக் கணினிக்குள் கொண்டுவந்துள்ளன. முன்பு ஒரு ஷரஹைப் பார்க்க வேலூர் பாக்கியாத்துக்கோ சென்னைக்கோ பயணம் செய்ய வேண்டியிருந்த கிராமத்து ஆலிம், இன்று தம் அறையிலிருந்தே பத்து ஷரஹுகளை ஒப்பிடுகிறார். கூடவே ஒரு கேடும் வந்தது. தேடுசொல்லை இட்டால் வரி கிடைக்கிறது; அவ்வரி எந்தப் பாபில், எந்த எதிர்வாதத்திற்கு விடையாக வந்தது என்பது கிடைப்பதில்லை. மறுப்பதற்காக எடுத்தெழுதிய கூற்றையே நூலாசிரியரின் முடிவாகக் காட்டும் கட்டுரைகள் பெருகிவிட்டன.

சான்றிதழ் மலிந்துவிட்டதற்கு இணையத்தை மட்டும் குறை கூறுவது சரியன்று. பார்த்தறியாத கைக்குழந்தைகளுக்கும் இஜாஸா எழுதிக் கொடுத்த காலம் நம் வரலாற்றிலேயே உண்டு. ஸனதின் தொடர் அறுந்துவிடாமல் காப்பதே அதன் நோக்கம். பெற்றவர் கற்றவர் என்று எவரும் கருதவில்லை. நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டோம். இரு மாதப் படிப்பின் முடிவில் அனுப்பப்படும் வண்ணத்தாளைச் சட்டமிட்டு மாட்டுவதில் குற்றமில்லை. அதைக் காட்டி ஓதிக் கொடுக்க அமர்வதுதான் பிழை.

ஈடு செய்ய இயலாத இழப்பு ஒன்று உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் உஸ்தாத் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் உடனிருந்தார்கள். அத்தனை ஆண்டுகளும் மஸ்அலாக்களைக் கேட்பதில் மட்டும் கழிந்திருக்காது. கேள்விக்கு விடை தெரியாதபோது உஸ்தாத் என்ன செய்கிறார், கோபம் வந்தால் எப்படி அடங்குகிறார், ஏழை வந்து ஃபத்வா கேட்கும்போது முகம் எப்படியிருக்கிறது என்பனவெல்லாம் பாடநேரத்திற்கு வெளியே கற்பவை. இணைய வகுப்பு மணியடித்ததும் முடிகிறது, திரை இருள்கிறது. ஆசிரியருக்கும் அப்படியே. மாணவன் பசியோடு வந்தானா, வீட்டில் துயரமா என்பதை அவன் முகத்தை வைத்துக் கண்டுகொண்ட உஸ்தாத்கள் நமக்கு இருந்தனர்.

இப்போது ஊரின் நிலைக்கு வருவோம். கவலைக்குரியது இதுவே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனி ஆசிரியரிடம் இணையத்தில் ஓதத் தொடங்கியதும், மக்தபில் எஞ்சுவோர் ஏழைப் பிள்ளைகள். வசதியுள்ள தந்தையர் ஜமாஅத் கூட்டத்தில் மதரஸாவைப் பற்றிப் பேசுவதும் குறைகிறது; தம் பிள்ளை அங்கு இல்லையல்லவா! கட்டடம் பழுதடைகிறது, உஸ்தாதின் சம்பளம் உயர்வதில்லை. மறுபுறம், நம் அரபுக் கல்லூரிகளில் ஓதி வெளிவந்த இளம் ஆலிம்களில் சிலர், லண்டனில் மாலை ஐந்து மணியாகும்போது, இங்கு இரவு பத்தரைக்கு, கைப்பேசியின் முன் அமர்ந்து அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கின்றனர். ஜமாஅத் தரும் ஊதியத்தில் குடும்பம் நடத்த இயலாதவர்களுக்கு அது ஹலாலான வருமானம். அவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் இரவு விழித்தவர் சுபுஹுக்குப் பின் மக்தபில் அமர்வது எளிதன்று. ஓர் ஊரின் சிறந்த உஸ்தாத் அதே ஊரில் வாழ்ந்துகொண்டே அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமற்போகிறார்.

இதற்கு இணையத்தைத் தடுப்பது வழியாகாது. வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது என் கருத்து. ஸமாஉவைத் திரை செய்யட்டும்: அரபு இலக்கணம், ஸீரா, வரலாறு, ஃபிக்ஹின் அடிப்படைகள் ஆகியவற்றை ஆற்றல் மிக்க ஆசிரியர் ஒருவர் பல ஊர்களுக்கும் சேர்த்து நேரலையில் நடத்தலாம். மதரஸாவின் சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டினால், கைப்பேசி இல்லாத பிள்ளையும் அதே பாடத்தைக் கேட்கும். அர்ளை ஊர் உஸ்தாத் செய்யட்டும்: பிள்ளையை அருகே அமர்த்தி, நாவைப் பார்த்து, பாடம் கேட்பது அவரது பணி. வெளியூரிலிருந்து இணையத்தில் ஓதும் பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வரும் நாட்களில் ஒரு முறையேனும் மக்தபில் அமர்ந்து பாடம் கொடுக்குமாறு பெற்றோர் ஏற்பாடு செய்யலாம். செலவு பற்றிக் கேட்போர் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் இணைய வகுப்புக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகையையும், அதே தெருவின் மக்தபுக்கு அவ்வீட்டார் தரும் மாதச் சந்தாவையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி, அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் வாசித்தால் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.